நடைவண்டிக்குப் போட்ட மஞ்சள்

எங்கள் ஊரில் நிறம் என்றால் சூளையில் வெந்து வருவதுதான். என் வீட்டுக்காரர் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குக் கலர் பூசுகிறவர். தான் கலக்கும் கலர்ப்பொடி விஷம் என்று வீட்டில் யாரையும் தொட விடமாட்டார். அதனாலேயே நான் உண்டானபோது, குழந்தையின் நடைவண்டிக்குக் கடை பெயிண்ட் கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். பிள்ளை எதையும் வாயில் வைக்குமாம். பிறக்கவே இல்லை, அதற்குள் பல் முளைத்துவிட்டதா என்று கேலி செய்தேன்.

பிறக்கும் முன் குழந்தைக்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு. இவர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பெண்ணாடத்து ஆசாரியிடம் கலர் இல்லாத வண்டியாக வாங்கி வந்து, கலர் போடும்வரை இது வெறும் மரம்தானே என்றார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் இருப்பார்? எட்டாம் மாதத்தில், மாமியார் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் கிழங்கை இடித்துப் படிகாரம் போட்டுக் கொதிக்க வைத்தார். சப்பாங்கட்டையைத் தனியாக வேகவைத்துச் சிவப்பு எடுத்தார். சட்டமெல்லாம் மஞ்சள், சக்கரம் சிவப்பு. சக்கரங்களைக் கழற்றி வைத்து, துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார். கடைசியில் வண்டியைவிட அவர் கைதான் அதிக மஞ்சளாக இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் விடிவதற்குள் வலி வந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை. கொடி சுற்றியிருந்தது என்றார் டாக்டர். பிள்ளையை வாங்கப் போகும் முன் இவர் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினார். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். அந்தச் சிவந்த கைகளில்தான் துணியில் சுற்றிய மகளை வாங்கினார்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாமியார்கூட. அதுவே அவரைத் தின்றது. டாக்டர் சொன்ன காரணம் அவர் காதில் ஏறவே இல்லை. தான் கலர் போட்டதால்தான் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டார். எனக்குத் துக்கத்தோடு கோபமும் வந்தது. மகளைப் பறிகொடுத்தது போதாதென்று இவரையும் பறிகொடுக்க வேண்டுமா?

போன சித்திரையில் வண்டியைப் பரணிலிருந்து இறக்கி மொட்டைமாடியில் போட்டேன். மஞ்சள் வெயிலுக்குத் தாங்காது. தினமும் திருப்பித் திருப்பி வைத்தேன். கத்திரி முடியும்போது, வாங்கி வந்த அன்று இருந்த மாதிரியே சட்டம் வெளுத்துவிட்டது. அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"பாருங்க. நீங்க கலரே போடல. வெறும் மரந்தான் இருக்குது."

அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு சக்கரத்தை அச்சிலிருந்து உருவினார். சக்கரம் மறைத்திருந்த இடத்தில், வெயிலே படாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் அப்படியே இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"இங்க இருக்குது பாரு" என்றார்.