நாலு பத்துக்கு விழித்த ஹார்ட் டிஸ்க்

என்னிடம் இருந்த நான்கு ஹார்ட் டிஸ்க்குகளும் பல வருடங்களாக ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. தாராவியில் எங்கள் சந்தில் நடந்ததெல்லாம் அவற்றில் இருந்தது. தண்ணீர் புகுந்த மழைநாட்கள், பொங்கல் பந்தல்கள், இடிப்பதற்கு முந்தின நாள் எடுத்த வீடுகள், கடைவாசலில் பேசிக்கொண்டவர்களின் பேச்சு. ஒவ்வொரு கோப்புக்கும் தேதியையே பெயராக வைத்தேன்: வருடம், மாதம், நாள். ஆட்களின் பெயரை எழுதுவதில்லை. ஆள் இடம் மாறுவான், தேதி மாறாது என்பது என் கட்சி.

என் மனைவிக்கு இதில் ஒரு குத்தல் உண்டு. "சந்துல போறவன் இருமுனது கூட டப்பாக்குள்ள இருக்கு. கட்டுனவ குரல் இருக்கான்னு பாருங்க." உண்மையில் அவள்தான் விடமாட்டாள். போனை நீட்டினால் சேலைத் தலைப்பை அதன்மேல் போட்டு மூடிவிடுவாள். ஆனால் தினமும் காலையில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்து எனக்கு வாசிப்பவள் அவள். நான் டைரியில் தேதியும் திதியும் எழுதுவேன். இருபத்தெட்டு வருடங்கள் அப்படி வாசித்தாள். ஒரு நாள்கூடப் பதிவாகவில்லை.

வைகாசியில் அவளுக்குச் சிகிச்சை தொடங்கியது. ஆஸ்பத்திரியில் பழைய ஸ்கேன் ஒன்றைக் கேட்டார்கள். அது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தெரியாமல் நான்கையும் மாற்றி மாற்றிச் செருகி ஒரு பகல் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உள்ளங்கையளவு கணினி ஒன்றையும், தனி மின்சாரம் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்றையும் வாங்கி வந்தேன். நான்கு டிஸ்க்குகளையும் அதில் மாட்டி, ஃப்ரிட்ஜுக்கு மேல் பலகை அடித்து வைத்தேன். இனி வீட்டு வைஃபையில் இருக்கும் எந்தப் போனிலிருந்தும் எல்லாக் கோப்பையும் பார்க்கலாம், புதிதாகப் போடலாம். கடவுச்சொல் வைக்கவில்லை. அவள் அதை மறந்துவிட்டு என்னை எழுப்புவாள்.

இரண்டு நிமிடம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க்குகள் தூங்கும்படி அமைத்திருந்தேன். யாராவது தொட்டால் விழித்துச் சுழலும். மூன்றாவது மட்டும் சுழல்வதற்கு முன் ஒரு முறை நாக்கைச் சொடுக்குவதுபோல் சத்தம் போடும்.

"மூணாவது பிள்ளை முழிச்சிருச்சு," என்பாள் அவள், படுத்தபடியே.

புரட்டாசிக் கடைசியில் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் ரயிலேறிப் போனார்கள். வடாலா கோடவுனில் பார்த்துவந்த அரைநாள் வேலையையும் விட்டுவிட்டேன். மறுநாள் பிற்பகல் அறையில் தனியாக இருந்தபோது மூன்றாவது டிஸ்க் நாக்கைச் சொடுக்கிவிட்டுச் சுழலத் தொடங்கியது. நான் எதையும் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு பத்து.

அடுத்த நாளும் நாலு பத்து. அதற்கடுத்த நாள் நாலு பன்னிரண்டு. நான்காம் நாள் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்று செவ்வாய், இராகு காலம். அந்தச் சொடுக்கு கேட்டதும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். டிஸ்க் இரண்டு நிமிடம் சுழன்றது. விளக்கு துடித்தது. பிறகு அமைதி.

போனில் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். நான் உருவாக்காத நான்கு ஒலிக்கோப்புகள் இருந்தன. நான் வைக்கும் முறையிலேயே தேதிகள்தான் பெயர். கடைசிக் கோப்புக்கு அன்றைய தேதி.

அழுத்தினேன்.

"ஐப்பசி மாசம், செவ்வாய்க்கிழமை," என்றாள் என் மனைவி. "நல்ல நேரம் ஏழே முக்கால்லருந்து எட்டே முக்கால். இராகு காலம் மூணுலருந்து நாலரை. மேஷம், பயம். ரிஷபம், வரவு. மிதுனம், அலைச்சல்..."

சுவரில் காலண்டர் இருந்தது. அவள் படுத்ததிலிருந்து நான் தாள் கிழிக்கவில்லை. எழுந்து போய் ஒன்றொன்றாகக் கிழித்து அன்றைய தாளுக்கு வந்தேன். மேஷம், பயம். ரிஷபம், வரவு. மிதுனம், அலைச்சல். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை.

அவளுடைய போன் பீரோவில், அணைத்தபடி, சிம் எடுத்தபடி கிடந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. இந்த வைஃபையில் இருக்கும் கருவிகள் மூன்று: என் போன், அவள் போன், டிவி. கணினியின் பதிவில் நான்காவதாக ஒன்று, பெயரில்லாமல், எண்ணாக மட்டும் தெரிந்தது. தினமும் நாலு பத்துக்கு வருகிறது, ஒரு கோப்பை வைக்கிறது, போகிறது.

அதைத் தடுக்க ஒரு வரி போதும். நான் அந்த வரியை எழுதவில்லை. தடுத்தால் அது வராது. வராவிட்டால் அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. பயந்துகொண்டே மறுநாள் நாலு மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி உட்கார்ந்தேன்.

பத்து நாட்கள் இப்படிப் போயின. எட்டாவது கோப்பில் புதிதாக ஒன்று கேட்டது. அவள் கன்னி ராசிவரை வந்திருந்தாள். பின்னால் தூரத்தில் இரும்புப் படியில் காலடிச் சத்தம். வலது கால் திடமாக, இடது செருப்பு இழுபட்டு. எங்கள் மாடியில் அப்படி நடப்பவன் நான் ஒருவன்தான். அவள் சட்டென்று நிறுத்தினாள். மூச்சுச் சத்தம் மட்டும். காலடி நெருங்கி வந்தது. கதவு திறக்கும் சத்தத்தோடு பதிவு முடிந்தது. செத்தவள் வாசிக்கும் அறைக்குள் நான் நுழைவதை நானே உட்கார்ந்து கேட்டேன். இருவரில் யார் ஆவி என்று அந்த ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சத்தம்தான் எனக்குப் புத்தியும் தந்தது. இது முன்பே பதிந்தது. நான் வடாலாவிலிருந்து திரும்பும் நேரத்துக்குள், அவள் உயிரோடிருந்தபோது, இந்த அறையில் பதிந்தது. அப்படியென்றால் தினமும் கொண்டுவந்து வைப்பது யார்?

பதினோராம் நாள் டிஸ்க் சொடுக்கியதும் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். குழாயில் நாலு மணித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறைப் பெண் டிரம்மில் ஹோஸைப் போட்டுவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவள் துணி தைக்கும் கார்கானாவில் வேலை பார்ப்பவள். தண்ணீர் பிடிக்க மட்டும் அரைமணி நேரம் வந்து போவாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஊரடங்குக் காலத்தில் அவள் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக நானேதான் வைஃபை கடவுச்சொல்லைச் சுவர் வழியாகச் சத்தமாகச் சொன்னேன். என் பட்டியலில் அவள் போனை எழுதவேயில்லை. எங்கள் மாடியில் பக்கத்து அறையை யாரும் வெளி என்று எண்ணுவதில்லை.

என்னைப் பார்த்ததும் போனை மடியில் கவிழ்த்தாள்.

"எத்தனை நாளா தெரியும், அண்ணாச்சி?"

"இன்னைக்குத்தான்."

"அக்கா சொல்லக் கூடாதுன்னுட்டா. சத்தியம் வாங்கிட்டா."

"என்ன சொன்னா?"

"தேதி விட்டுப்போச்சுன்னா இந்த மனுஷன் சோறு தின்னமாட்டாரு, டெய்லி ஒண்ணு போட்டுருன்னா. காலண்டரை இறக்கி மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு தாளாத் தூக்கித் தூக்கி வாசிச்சா. என் மொபைல்லதான், குடுத்துட்டு நான் தண்ணி பிடிக்கப் போயிருவேன். நீங்க வர்றதுக்குள்ள ஆறு, ஏழு தாள். எனக்குத் தமிழ் எழுத்து வராதுல்லா, நம்பர் வரும். பேரு எப்படிப் போடணும்னு அவதான் காட்டிக்குடுத்தா."

"பதினாறு நாள் வரை ஏன் போடல?"

"டர் லக்தா தா, அண்ணாச்சி, பயமா இருந்துச்சு. காரியம் முடியட்டும்னு இருந்தேன்."

எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "இன்னும் எத்தனை இருக்கு?"

அவள் போனைப் பார்க்கவில்லை. "காலண்டர் முடியிற வரைக்கும். அதுக்கு மேல தாள் ஏது? மொத்தமா இப்பவே ஏத்தவா?"

நகல் எடுக்காமல் எதையும் ஒரு நாள்கூட விட்டுவைக்காதவன் நான். அவள் போன் தண்ணீரில் விழலாம், ரயிலில் தொலையலாம். எல்லாவற்றையும் அன்றே வாங்கி நான்கு டிஸ்க்கிலும் நகலெடுத்து வைத்திருக்க வேண்டும்.

"வேண்டாம். வழக்கம்போலப் போடு," என்றேன்.

"தண்ணி நிரம்பிருச்சு," என்று அவள் எழுந்துபோனாள்.

காரணம் தெரிந்தபிறகும் நாலு பத்து பழகவில்லை. கார்த்திகைத் தாள்களில் என் மனைவியின் குரல் மெலிந்தது. மார்கழித் தாள்களில் ராசிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள் வந்தன. சில இடைவெளிகளில் குக்கர் விசில், சிலவற்றில் படியேறும் நான்.

டிசம்பர் கடைசி நாள் வந்த கோப்பு மிகவும் சிறியது. பன்னிரண்டு ராசியையும் வாசித்தாள். மீனம், நிறைவு. பிறகு தாளைத் தூக்கும் சத்தம்.

"அட்டை வந்துட்டு," என்றாள்.

இழுபடும் செருப்பு. கதவு. என் குரல்: "யார்ட்ட பேசிட்டிருந்தே?"

"யாருமில்ல. தேதி பாத்தேன்."

ஆவணி, புரட்டாசி டைரிகளை எடுத்து ஒவ்வொரு நாளாகத் தேடினேன். எந்த நாளில் அப்படிக் கேட்டேன் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. மழை அளவு இருக்கிறது, மருந்து நேரம் இருக்கிறது, அது இல்லை.

ஜனவரி முதல் நாள் நாலு பத்துக்கு டிஸ்க் அசையவில்லை. மளிகைக்கடையில் கொடுத்த புதுக் காலண்டர் மூலையில் சுருட்டியபடி நின்றது. சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து அறைப் பெண் கேட்டாள்: "அண்ணாச்சி, இன்னைக்கு நல்ல நேரம் எப்போ? யாரு சொல்லுவா எனக்கு?"

காலண்டரை ஆணியில் மாட்டினேன். என் போனில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு, சுவருக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தேன். கிழமை, திதி, நல்ல நேரம், மேஷம், ரிஷபம். கன்னிக்கு வரும்போது இரும்புப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. வலது கால் திடமாக, இடது செருப்பு இழுபட்டு. நான் வாசிப்பதை நிறுத்தினேன். அது வராந்தாவில் வந்து, எங்கள் கதவருகே நின்றது.

"ஏன் நிப்பாட்டிட்டீய?" என்றாள் அவள் சுவருக்கு அப்பால்.

கதவைத் திறந்தேன். தண்ணீர் சொட்டும் ஹோஸைத் தவிர வராந்தாவில் எதுவும் இல்லை. உள்ளே வந்து துலாத்திலிருந்து மீனம்வரை வாசித்து முடித்தேன்.

அந்தக் கோப்பு அன்றைய தேதியோடு மூன்றாவது டிஸ்க்கில் இருக்கிறது. மற்ற மூன்றிலும் நகல் இருக்கிறது. அந்தச் சத்தம் அதில் பதிந்திருக்கிறதா என்று இதுவரை கேட்டுப் பார்க்கவில்லை.