அப்பா மடியில் இருந்த டிபன் கேரியர்

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். மகள்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். எழுதிய பிறகும், எதை விட்டிருக்க வேண்டும் என்ற குழப்பம் எனக்குத் தீரவில்லை.

அப்பா பர்மாவில், யாங்கோனை ஒட்டிய இன்சீனில் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். உடன்பிறந்தவர் தங்கையான எங்கள் அத்தை மட்டுமே. தாத்தா சீக்கிரம் இறந்துவிட, அத்தை பள்ளியை நிறுத்தித் தையல் வேலைக்குப் போனார். அந்த வருமானத்தில்தான் அப்பா சட்டம் படித்தார். நீதிபதியாகி, ஊர் ஊராக மாற்றலாகி, கடைசியில் யாங்கோனில் ஒரு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

சாட்சி சொல்வதை அவர் தம் கையாலேயே எழுதுவார். முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டி, சொன்னது இதுதானா என்று கேட்ட பிறகே கையெழுத்து வாங்குவார். வீட்டிலும் அதே பழக்கம். என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவருக்கு முன்பு அப்பாவுக்குத்தான் போன் செய்வேன்.

"நூத்தியொண்ணு. பால் குடிக்கிறா. அழறா. இவ்வளவுதானேம்மா நீ சொன்னது? 'பயமா இருக்கு'ன்னு நாலு தடவை சொன்னே, அதையும் எழுதிக்கிட்டேன்" என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போதெல்லாம் தெர்மாமீட்டரைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கிறேன்.

அத்தை மகன் ஓட்டிய லாரி மோதி ஒருவருக்குப் பலத்த காயம். வழக்கு அப்பாவின் நீதிமன்றத்துக்கே வந்தது. தம் உறவினர் என்று எழுதிக் கொடுத்து, அன்றே வேறு நீதிபதிக்கு மாற்றக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு, தாம் குடியிருக்கும் ஷ்வேப்யிதாவிலிருந்து அத்தை டிபன் கேரியரோடு வந்தார்.

"கருவாட்டுக் கொழம்புண்ணே. உனக்குப் பிடிக்குமேன்னு வச்சேன்."

"கேஸ் முடியட்டும் தங்கச்சி. இப்ப திறக்காதே."

"நீதான் அந்தக் கேஸைப் பாக்கலியே!"

"பாக்குறவரு எனக்கு அடுத்த ரூம்ல உக்காந்திருக்காரு."

அத்தை எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்க. இவரு எனக்கு அண்ணன் இல்ல, தயாதூஜீ" என்றார். பர்மியர்கள் நீதிபதியை அழைக்கும் சொல் அது.

அத்தை மகனுக்கு இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. அதன்பின் அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது, "அத்தையைக் கூப்பிடட்டுமாப்பா?" என்று கேட்டேன்.

"அவளா வரட்டும்மா. நான் கூப்பிட்டா உத்தரவு மாதிரி ஆயிடும்."

கீழ்ப்படிந்தேன். பத்தே நாளில் அப்பா போய்விட்டார். அத்தை இறுதிச் சடங்கில் ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அப்பாவின் சொல்லை மீறி அத்தையை அழைத்திருக்க வேண்டுமோ என்று ஓராண்டாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

'அத்தையின் சாப்பாட்டை அப்பா திருப்பி அனுப்பிவிட்டார்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அத்தைக்கு வாசித்துக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஷ்வேப்யிதா பஸ் ஏறினேன். என்னை விரட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வழியெல்லாம் இருந்தது.

அத்தை தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். அந்த வரி வந்ததும் நிறுத்தினார்.

"தப்பு. திருப்பி அனுப்பல. நீங்கள்லாம் உள்ள போன பிறகு அவரே தூக்கிட்டு என்கூட வந்தாரு. ரயில்ல இன்சீன் வரைக்கும் மடியில வச்சிருந்தாரு. கொழம்பு ஒழுகி லுங்கியெல்லாம் கறை. ஒரு வார்த்தை பேசல. பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டுப் போயிட்டாரு. பேசியிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன். அதுக்கும் விடல மனுஷன்."

அப்பா இதை எங்களிடம் சொன்னதே இல்லை. எழுதி, வாசித்துக் காட்டினேன். "நீங்க சொன்னது இதுதானா அத்தை?"

"இதுதான். கோவம் இன்னும் போகலன்னும் எழுது."

எழுதினேன். நினைவு நாளுக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"வருவேன். அதே கொழம்போட வருவேன். படையல்ல வைப்பியா, இல்ல நீயும் சட்டம் பேசுவியா?"

திதி நாளில் கருவாடா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கும் தயக்கம்தான். இரண்டு நாள் யோசித்த பிறகு, வைப்பதாகச் சொல்லிவிட்டேன்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், கடைசிவரை வந்து பார்த்த நீதிமன்ற ஊழியர்கள், என் மகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மா கின் அக்கா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகத் தம்பி பர்மிய மொழியில் எழுதியது பின்பக்கங்களில் இருக்கிறது.

படத்தின் முன் இருக்கும் டிபன் கேரியர் அத்தையுடையது. திறந்தே வைத்திருக்கிறோம். அப்பாவின் முன் இப்போது வழக்கு எதுவும் இல்லை.