சந்திரா மேடத்தை நான் நம்பவில்லை

சேலையூரில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு நினைவுப் பயிற்சி கொடுத்துவந்த சந்திரா மேடம் காலமான செய்தி, பயிற்சி மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்போது குரோம்பேட்டையில் என் எலெக்ட்ரிகல் கடையில் இருந்தேன். குழுவில் உள்ளவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். 'இனி உண்மையை யார் சொல்வார்?' என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

கடையில் என்னோடு நிற்கும் என் தம்பி கபீர் அங்கே பயிற்சிக்குப் போகிறான். மாதக் கடைசியில் மேடம் பத்துச் சொற்களை வாசித்து, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார். மார்க் குறைந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நானாக முடிவுகட்டினேன். மேசைமேல் கிடந்த சொற்பட்டியல் தாளைப் போனில் படமெடுத்து, வீட்டில் அவனை மனப்பாடம் செய்யவைத்தேன். அடுத்த முறை மேடம் வாசிக்கும் முன்பே பத்தையும் ஒப்பித்துவிட்டான்.

மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "இது பப்ளிக் எக்ஸாம் இல்ல பாய். அவருக்கு எது வரலன்னு தெரிஞ்சாதானே நான் சொல்லித் தர முடியும்?" என்றார். என் தம்பியை 'அவர்' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

பிறகு ஓர் ஆராய்ச்சிக் குழு ரத்தம் எடுக்க வந்தது. பயிற்சியால் சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. அதில் பிறப்போடு வரும் மரபணுவுக்குப் பங்கு உண்டா என்று பார்க்கிறார்களாம். ரத்தத்தில் தலையெழுத்தைப் படித்து ஆளைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்தேன். கபீர் தானே கையெழுத்துப் போட்டுக் கையை நீட்டினான்.

"தனி ஆளுக்கு ரிசல்ட் வராது பாய். நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தாதான் ஏதாவது தெரியும். கபீர் இங்க வர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் மேடம். தலையாட்டினேன். நம்பவில்லை.

சில மாதங்களில் கபீருக்கு மட்டும் சனிக்கிழமை கூடுதலாக ஒரு மணி நேரம் பயிற்சி ஆரம்பமானது. வேறு யாருக்கும் இல்லை. எனக்குப் பொறி தட்டியது: ரிசல்ட் மோசமாக வந்திருக்கிறது, மேடம் மறைக்கிறார். விதவிதமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"என்னைச் சந்தேகப்படறீங்க, பரவால்ல. கபீர்கிட்ட பேசினீங்களா?" என்பார். மழுப்புகிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

தாம்பரத்தில் அவர் வீட்டுக்குக் கபீரோடு துக்கம் கேட்கப் போனேன். அங்கேயும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. மேடத்தோடு வேலை பார்த்த தேவியைத் தனியாக அழைத்து, "கபீரோட ரிசல்ட் என்னம்மா?" என்றேன்.

"யாருக்குமே தனி ரிசல்ட் வரல பாய்."

"அப்போ சனிக்கிழமை கிளாஸ்?"

தேவி தயங்கினாள். "கபீரே கேட்டு வாங்கினது. கடையில கேட்ட சாமான் மறந்துடுது, அண்ணன் கஸ்டமர் முன்னாடி திட்டறார், அதுக்கு ஏதாவது சொல்லிக்குடுங்கன்னு."

பந்தலோரம் நின்ற கபீரிடம் போய், "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா அதையும் நம்ப மாட்ட" என்றான்.

எனக்கும் அவனுக்கும் ஓடுவது ஒரே ரத்தம். அவனை நம்புவதற்கு அந்த அம்மாவால் முடிந்தது, என்னால் முடியவில்லை.

நேற்றுக் கடையில் ஒருவர் மூன்று சாமான் கேட்டார். கபீர் இரண்டை எடுத்துவைத்துவிட்டு அலமாரி முன் நின்றான். வந்தவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மேடத்திடமிருந்து நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதையும் அவர் போன பிறகு.