வியாதியஸ்தர் பட்டியல்

உள்ளறையில் கட்டில் கம்பியைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று பொருள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால், நீ வா, பேச வேண்டும். டைப்பிஸ்ட்டும் அவள் கணவரும் நான்கு வருடங்களாக இந்தப் பாஷையில்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு டைப்பிஸ்ட் எழுந்து போனாள். சபை அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்கிறாள். சபையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்ட் அக்காதான். பெற்றோர் வைத்த பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் பத்திரமாகத் தூங்குகிறது.

கட்டிலில் கிடந்தவர் ஒரு காலத்தில் இரண்டாள் உயர ஏணியில் நின்று சுவர் முழுக்க எழுதிய பெயின்டர். ஒரே பிரஷ்தான். காலையில் சபைப் பலகைக்கு வேத வசனம், மாலையில் கட்சிக்குச் சுவர் விளம்பரம். ஒரு வருடம் மிச்சமிருந்த கட்சி நிறப் பெயின்டிலேயே வசனத்தையும் எழுதிவிட்டார். "வசனம் எப்ப கட்சியில சேர்ந்துச்சு?" என்று யாரோ கேட்க, சபைக் கமிட்டி இரண்டாகப் பிரிந்து மூன்று வாரம் சண்டை போட்டது. கடைசியில் அவரே கறுப்புப் பெயின்டால் மறுபடி எழுதிக் கொடுத்தார். கட்சியில் கேலி, சபையில் முறைப்பு. இரண்டு வீட்டுக்கு வாக்கப்பட்டவன் மாதிரி அலைகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

போன தேர்தலில் வேட்பாளர் பெயரின் கடைசி எழுத்தை எழுதும் முன்பே கை விழுந்தது, பிறகு ஆளும் விழுந்தார். பக்கவாதம். கடைசி எழுத்தை வேறு யாரோ எழுதி முடித்தார்கள். கட்சி ஒரு பழக்கூடை அனுப்பியது. பழத்தைவிடப் பெரிதாக அதில் தலைவர் படம் ஒட்டியிருந்தது. சபை அவருக்கு ஜெபப் பட்டியலில் ஒரு வரி கொடுத்தது.

அந்தப் பட்டியல்தான் இப்போது முன்னறை மேசையில் கிடந்தது. சனிக்கிழமை மதியம் அவள் அதை வீட்டிலேயே எழுதி, மாலையில் அலுவலகத்தில் அடித்துவைப்பாள். மேலே 'வியாதியஸ்தர்' என்று தலைப்பு. கீழே பெயர், பக்கத்தில் வியாதி. போதகருக்குக் கண் மங்கல் என்பதால் எழுத்து பெரிது; ஒரு தாளில் பன்னிரண்டு வரிதான் பிடிக்கும். அவள் எழுதுவதை அவர் அப்படியே வாசிப்பார். குணமானாலும் பெயரை எடுப்பாள், அடக்கமானாலும் எடுப்பாள். முதல் வரி மட்டும் நான்கு வருடமாக நகரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது வந்தவர் அந்த முதல் வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கட்சியின் பகுதிச் செயலாளர். கையில் கிடைத்த மைக்கை விடமாட்டார் என்பதால் ஊரில் அவர் பெயர் 'மைக்'. அந்தக் காலத்தில் பெயின்டருக்கு ஏணி பிடித்தவர். இதே சபையில் கடைசி பெஞ்சில் உட்காருபவர். நான்கு வருடத்தில் இன்றுதான் இந்த வாசலை மிதிக்கிறார், அதுவும் ஷூவைக் கழற்றாமல். பதவி வந்தால் பாதம் தரையில் படாது போல என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. புதன்கிழமை ஓட்டு. நாளை ஆராதனையில் வேட்பாளர் பெயர் பட்டியலில் வாசிக்கப்பட வேண்டும். போதகரிடம் கேட்டால் விரட்டிவிடுவார், போன மாதம் எதிர்க்கட்சிக்காரனை விரட்டியதுபோல. ஆனால் தாளில் இருந்தால் வாசித்துவிடுவார். நானூறு பேர் ஆமென் சொல்வார்கள். அது போதும். பதிலுக்குத் திங்கட்கிழமை காலை பெயின்டருக்கு ஒரு சக்கர நாற்காலி வந்து சேரும்.

அவளுக்கு ஆசை வந்தது, மறைப்பானேன். வாசலில் மூன்றே படி. நான்கு தெரு தள்ளித்தான் சபைக் கோயில். நாற்காலி இருந்தால் அவரைத் தள்ளிக்கொண்டு போய் பெஞ்சு ஓரத்தில் நிறுத்தலாம். வாய்விட்டுப் பாடிய மனிதர். பாட்டாவது காதில் விழும்.

"பன்னிரண்டு வரியும் நிரம்பியிருக்கு, தம்பி."

"அண்ணன் பேரு நாலு வருஷமா ஓடுதே. ஒரு வாரம் லீவு விட்டா என்ன, அண்ணி?"

உள்ளே கம்பி தட்டியது. மூன்று தட்டு.

முன்னறைப் பேச்சு முழுக்கப் பெயின்டர் காதில் விழுந்திருந்தது. அவருக்கு வார்த்தைகள் மூட்டை இறக்குவதுபோல ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"எடுத்துரு. என் பேரை. வேட்பாளர் பேரைப் போடு."

"இன்னுமா கட்சி?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"ஒரே பேரு... நாலு வருஷம்... ஆண்டவருக்கே... அலுத்திருக்கும்." முகத்தின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே தோன்றாத களைப்பு.

"அவருக்கு அலுத்துச்சோ என்னவோ. எனக்கு அலுத்துப்போச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த வாரம் விட்டுரலாமான்னு தோணும். அப்புறம் எழுதிடுவேன். அந்தப் பேரும் இல்லன்னா, ஆராதனையில நான் யார் பக்கத்துல உட்கார்றது?"

அவருக்கு ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கியது. மறு கண் அழுவதையும் மறந்து வெகுநாளாகிறது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழுந்தாள்.

முன்னறையில் பேனாவைத் திறந்தாள்.

"யாரையும் எடுக்க மாட்டேன். எழுத்தைச் சின்னதாக்கி பதிமூணாவது வரி போடறேன். உங்க வேட்பாளருக்கு என்ன வியாதி, சொல்லுங்க."

"வியாதியா?"

"தலைப்பைப் பாருங்க. வியாதியில்லாம யாருக்கும் இதுல இடமில்ல. போதகர் ஐயா அதையும் சேர்த்துத்தான் வாசிப்பாரு."

"என்ன அண்ணி, புதன்கிழமை ஓட்டு. சீக்காளிக்கு எவன் போடுவான்? 'வெற்றிக்காக'ன்னு போடுங்களேன்."

"அது வியாதி இல்லயே, தம்பி."

"இல்லன்னும் சொல்ல முடியாது" என்று மைக் தானே சிரித்துவிட்டார். சிரிப்பு சீக்கிரம் வற்றியது. நாற்காலியைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு எது என்று அவளுக்குத் தெரியும். அவள் பேனாவை மூடினாள்.

அண்ணனைப் பார்த்துவிட்டாவது போகச் சொன்னாள். அவர் தயங்கித் தயங்கி உள்ளறை நிலைப்படி வரை வந்தார். படுத்தே கிடப்பவருக்கு மனிதர்களின் முகத்தைவிடக் கால்தான் முதலில் தெரியும்.

"கால்ல... என்னடா?"

மைக் ஒன்றுமில்லை என்றார். அவள் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். இடது ஷூவின் பக்கவாட்டைக் கத்தியால் கீறியிருந்தார். கீறலுக்குள் கட்டுத்துணி, துணியில் மஞ்சள் ஈரம்.

வாசலில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சுகர், அண்ணி. மூணு மாசமா ஆறல. விரலை எடுக்கணும்ங்கறாங்க. வீட்டுலகூடச் சொல்லல. கட்சியில தெரிஞ்சா அடுத்த ஆளை உட்கார வெச்சிருவாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பதிமூணாவது வரி... எனக்குக் கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் கோபம் எதுவும் மிச்சமில்லை.

"இப்பவே எழுதறேன், தம்பி. ஆனா பேர் சொல்லித்தான் வாசிப்பாங்க."

தெருவில் கொடி கட்டிய வண்டி நின்றது. அதன் ஒலிபெருக்கியில் மைக்கின் பதிவு செய்த குரல் கணீரென்று முழங்கிக்கொண்டிருந்தது. அவர் தன் குரலையே கொஞ்ச நேரம் கேட்டார்.

"புதன்கிழமை முடியட்டும், அண்ணி."

"புண்ணுக்குப் புதன்கிழமை தெரியுமா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று படியும் இறங்கினார். வண்டியிலிருந்து ஒரு கை அவரை மேலே இழுத்துக்கொண்டது. வண்டி தெருமுனை திரும்பும் வரை அவள் நின்றாள்.

உள்ளே ஒரு தட்டு. தண்ணீர்.

"வர்றேன்" என்று சொல்லி, கதவைச் சாத்தினாள்.