ஒரு கீசருக்கு மூன்று காவல்

கீசர் மாட்ட வருகிறவனின் கையை நம்புகிற வீட்டுக்காரர்கள் அவன் வாயை நம்புவதில்லை. இந்தத் தொழிலில் என்னோடு அவதிப்படுகிற உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

அன்று ஷாதிபூரில் நான் கீசர் பார்க்கப் போன வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் செல்வராஜ். அவர் மனைவி கமலா. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஜோதி. ஜோதியின் பதினோரு நாள் பெண் குழந்தை. என்னோடு குழாய் வேலைக்கு வரும் வங்காளி பிமல். ஆறாவது நான். சுனாமி வந்துபோய் ஐந்தாவது வருஷம் அது.

டைரக்ட்

கீசருக்கு மூன்று காவல் உண்டு. தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது தவறினால் நிறுத்துவது கட்-அவுட். இரண்டும் தவறினால், உள்ளே ஏறுகிற அழுத்தத்தை வெளியே விடுவது சேஃப்டி வால்வு. செல்வராஜ் வீட்டில் கட்-அவுட் உப்புக் காற்றில் பூத்துப் போய், கீசருக்கு மின்சாரமே போகவில்லை. சென்னைக் கப்பலில் புதுக் கட்-அவுட் பன்னிரண்டு கேட்டிருந்தேன். கப்பல் எட்டு நாள் தாமதம். சிலிண்டரும் அதே கப்பலில்தான் வரவேண்டும் என்பதால் அடுப்பில் வெந்நீர் போடவும் வழியில்லை.

"டைரக்ட் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. கப்பல் வார வரைக்கும் எம் பேத்தி குளிக்காமலா கெடப்பா?" என்றார் செல்வராஜ். கட்-அவுட்டைக் கழற்றிவிட்டு அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்குவதுதான் டைரக்ட். அதற்கு முன் பதினொரு வீட்டில் முறுக்கியிருக்கிறேன். பதினொரு முறையும் தயங்கித்தான் முறுக்கினேன். "சலேகா தாதா, சலேகா" என்றான் பிமல். ஓடிவிடும் அண்ணா என்று அர்த்தம். இந்தத் தீவில் பாதி வேலை அந்தச் சொல்லோடு முடிந்துவிடும். மூன்றில் ஒன்று போனால் இரண்டு, இரண்டு போதும் என்று நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது, வால்வில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "இந்த வால்வு..." என்பதற்குள் செல்வராஜ் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கிளம்பினேன். அவர் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி வாயத் தொறந்தா அடுத்த ரிப்பேரு வந்துரும். வெந்நி வருதுல்லா, அது போதும்!"

சொட்டு

மூன்றாம் நாள், புதன்கிழமை, பத்துபஸ்தியில் ஒரு வாத்தியார் வீடு. தண்ணீர் சூடாகும்போது பெருகும். பெருகியது வால்வு வழியாகச் சொட்டும். சொட்டினால்தான் வால்வு வேலை செய்கிறது. ஆனால் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் தண்ணீர் வருகிற ஊரில், சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? வாத்தியார் ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி, வால்வின் வாயில் வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

பிடுங்கிப் போட்டுவிட்டு, கீழே ஒரு வாளி வையுங்கள் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தத் தெருவுல ஏழு வீட்டுல இப்படித்தான் அடைச்சிருக்கு. ஏழும் நின்னுகிட்டுத்தானே இருக்கு?"

திருப்பம்

திரும்பி வரும்போது செல்வராஜ் வீட்டு வால்வும் சொட்டுமே என்று தோன்றியது. ஷாதிபூருக்குப் போகிற திருப்பத்தில் சைக்கிளை நிறுத்தினேன். போய் என்ன சொல்வது? சிரித்தவரிடம் மறுபடி எப்படி ஆரம்பிப்பது? சனிக்கிழமை கப்பல் வந்துவிடும், கட்-அவுட்டைக் கையில் கொண்டு போனால் பேசவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். சைக்கிளை நேராக விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பிமல் ஓடிவந்தான். ஷாதிபூர் கீசர் வெடித்துவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடிக்க செல்வராஜ் வாளியோடு குளியலறைக்குள் போயிருக்கிறார். கொதிநீரும் சுவரும் அவர் மேல் விழுந்து, அங்கேயே உயிர் போய்விட்டது. மற்ற மூவரும் உள் அறையில் இருந்ததால் தப்பித்தார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு பிமல் குரலைத் தாழ்த்தினான்: "டைரக்ட்னா என்னன்னு நமக்கு மட்டும்தான் தெரியும் தாதா. கிஸிகோ மத் போல்னா, யார்கிட்டயும் சொல்லாதே."

கமலா

போனேன். இடிந்த செங்கலுக்கு நடுவில் வால்வு கிடந்தது. அதன் வாயில் நீலச் செருப்புத் துண்டு, மூன்று சுற்றுக் கம்பி. தெர்மோஸ்டாட்டைப் பிரித்துப் பார்த்தேன். முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டதால், நிறுத்த வேண்டிய நேரத்தில் அது நிறுத்தவில்லை. ஒரு காவலை நான் எடுத்தேன். ஒன்றை அவர் அடைத்தார். ஒன்று தானாகப் போனது. நான் எடுத்தது ஒரு காவல் என்று அவருக்குத் தெரியாது. அவர் அடைத்தது எனக்குத் தெரியாது.

கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒயரை முறுக்கியது உட்பட. ஒரு வாக்கியத்தைக்கூட விழுங்கவில்லை. அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கு வாசல்ல நின்னு ஏதோ சொல்ல வந்தியளே அண்ணாச்சி, இதத்தானா?"

கப்பல்

சனிக்கிழமை கப்பல் வந்தது. பெட்டியை உடைத்து எண்ணினேன், பன்னிரண்டும் இருந்தன. டைரக்ட் போட்ட மற்ற பதினொரு வீட்டுக்கும் போய் மாட்டினேன். அதில் ஆறு வீட்டில் செருப்புத் துண்டு. பிறகு நான் கீசர் மாட்டிய மீதி வீடுகளுக்கும் போனேன். எந்த வீட்டிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வாசலில் நின்றபடி, மூன்று காவலையும் சொல்லி முடித்துவிடுவேன். சிரித்தால் சிரித்து முடிக்கட்டும் என்று நின்று, மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

கடைசியாகப் போன ஹேடோ குவார்ட்டர்ஸில் ஒரு அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வருஷமா வர்றீங்க, ஊமைன்னுல்ல நெனச்சிருந்தேன்!"

வந்தது பன்னிரண்டு, மாட்டியது பதினொன்று, நான் பேசக் கற்றுக்கொள்ள ஒரு நாள் பிந்தியதில் மீதி ஒன்று.