ரெஸ்லினா மூப்பர் சுமந்துபோன அரிசிக்கூடை

எங்கள் சபை மூப்பர்களில் ரெஸ்லினா ஒருவர்தான் பெண். தோபா ஏரிக்கரைச் சரிவில் வெங்காயம் பயிரிட்டுப் பிழைப்பவர். ஆராதனைக்கு வரும்போதும் நகக்கண்ணில் மண் இருக்கும். குரலோ படகுத்துறை வரை கேட்கும். மங்காசியை, கோவிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்திலிருந்து விலக்கவேண்டும் என்று முதலில் சொன்னது அந்தக் குரல்தான்.

மங்காசியின் அண்ணன் இரண்டு பெண்பிள்ளைகளை விட்டு இறந்துபோனார். ஆண்வாரிசு இல்லாதவன் வயல் தம்பிக்கு என்பது எங்கள் பாட்டாக் மக்களின் பழைய வழக்கம். மங்காசி அதைப் பிடித்துக்கொண்டு, அண்ணி தியோர்லானின் வயலைச் சுற்றி மூங்கில் வேலி போட்டுவிட்டார். தியோர்லான் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டார். முதலில் ஒரு மூப்பர் தனியாகப் போய்ப் பேசினார். பிறகு இருவர் போனார்கள். கடைசியில் போதகரே போனார். முன்னோர் வழக்கப்படி நடந்ததற்கு எதற்கு மனந்திரும்ப வேண்டும் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பினார் மங்காசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் விலக்கப்பட்ட செய்தி சபையில் வாசிக்கப்பட்டது.

அவர் கலங்கவில்லை. கோவிலுக்குப் புது மணி வாங்கித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். பழைய மணியில் விரிசல். மூப்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "விரிசல் விட்ட மணியே அடிக்கட்டும். அந்த வேலி இருக்கிற வரைக்கும் நமக்கு அந்தச் சத்தம் போதும்," என்றார் ரெஸ்லினா. அதோடு பேச்சு முடிந்தது.

ஆனால் ஊரார் சபையைவிட ஒரு படி மேலே போனார்கள். சபை அவருக்கு மறுத்தது திருவிருந்தை மட்டும்தான். ஊரோ முகம் பார்ப்பதையே நிறுத்தியது. அவர் படகுக்குக் கை கொடுக்க ஆளில்லை. கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் காப்பியைப் பாதியில் வைத்து எழுந்தார்கள். பக்தி என்றே நினைத்தோம்.

அந்த நிலையில் மங்காசி புதுவீட்டு விருந்து வைத்தார். மனைவி பிறந்த குலத்துப் பெண்கள் தலையில் அரிசிக்கூடை சுமந்து, மஞ்சளில் வேகவைத்த கெண்டைமீனோடு வந்து நுழைந்தால்தான் எங்கள் ஊரில் வீடு வீடாகும். பன்றி அடித்து, பாய் விரித்துக் காத்திருந்தார்கள். பாய்கள் வெறுமையாகவே கிடந்தன. மங்காசியின் மனைவி அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

உச்சிவேளையில் ஏற்றத்தில் ஒரே ஒரு கூடை தெரிந்தது. சுமந்து வந்தவர் ரெஸ்லினா. அவரும் அந்தக் குலத்தில் பிறந்தவர்.

மங்காசி வாசலை மறித்து நின்றார். "என்னைத் தள்ளி வெச்சது நீங்கதானே இனாங்? இப்ப எந்த மூஞ்சியோட சாப்பிட வந்தீங்க?"

இனாங் என்றால் அம்மா; ஆண்களை அமாங், அதாவது அப்பா, என்போம். கோபத்திலும் அந்த மரியாதையை அவர் விடவில்லை.

"இதே மூஞ்சிதான், வேற வாங்கிக்கல," என்றார் ரெஸ்லினா. "அது கர்த்தரோட பந்தி, அமாங். அதுல உங்களை உக்கார வைக்க எனக்கு உரிமை இல்ல. இது எங்க வீட்டுப் பொண்ணு குடிவர்ற வீடு. வராம இருக்கவும் எனக்கு உரிமை இல்ல. கழுத்து வலிக்குது, கூடையை இறக்குங்க."

வேறு யாரும் இல்லாததால் மங்காசியே இறக்கினார்.

ரெஸ்லினா சப்பணமிட்டு வயிறாரச் சாப்பிட்டார். ஜெபம் பண்ணச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். மூப்பராக வரவில்லை, உறவாக வந்தேன் என்றார். கிளம்பும்போது கூடையைக் காட்டிச் சொன்னார்: "இதுல மேலாப்புல இருக்கிறது தியோர்லான் போட்டது. கூலிக்கு நட்டு வாங்கின அரிசி. கொழுந்தன் புதுவீட்டுப் பானை நிறையணும்னு சொல்லித்தான் குடுத்தா."

மங்காசி அந்த அரிசியை வீட்டில் யாரையும் உலை வைக்கவிடவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

அடுத்த நடவுக்கு முன் ஒரு காலையில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டு ஓடினோம். மங்காசி வேலியைத் தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் மகள்கள் இருவரையும் வரப்பில் நிறுத்தி, "இது உங்க அப்பா வயல், உங்களுக்குத்தான்," என்று எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

ஞாயிறு அன்று அவர் சபை நடுவில் நின்றார். "வழக்கத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன். எங்க அண்ணியைப் பட்டினி போட்டேன். அது பாவம்," என்றார். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று போதகர் கேட்டு முடிப்பதற்குள் முதலில் எழுந்தவர் தியோர்லான். பிறகு கோவிலே எழுந்தது. திருவிருந்தில் இருவரும் அடுத்தடுத்து முழங்காலிட்டார்கள். விரிசல் மணியை இளைஞர்கள் கயிறு அறுந்துபோகிற மாதிரி அடித்தார்கள். அக்கரைக்காரர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

ஆராதனை முடிந்ததும் மங்காசி வீட்டு ஏற்றத்தில் தலைக்குத் தலை அரிசிக்கூடை. அன்று வராத பெண்கள் அத்தனை பேரும் பாடிக்கொண்டே ஏறினார்கள். தியோர்லான் கொடுத்த அரிசி அன்றுதான் உலையில் விழுந்தது. ஜெபம் செய்ய ரெஸ்லினா எழுந்தார். அன்றைக்கு மறுத்ததையும் சேர்த்துச் செய்தார். மீன் ஆறிப்போனது. ஒருவரும் கண் திறந்து பார்க்கவில்லை.