நான் பூசிய வரப்பு

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஆனாலும் திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு வேளாண் கல்லூரியில், குறுவைக்கு வயலைத் தயார் செய்வதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். இந்த ஆண்டும் கல்லூரி திறந்ததும் போனேன்.

நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. வரப்பைச் சீவி, நண்டு வளைகளைச் சேற்றால் அடைத்துப் பூசிக் காட்டினேன். “இதே மாதிரி செய்யுங்க” என்றேன். அவ்வளவுதான்.

“வரப்புக்கு ஃபேஷியல்டி!” என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் பூசினார்கள். பாதி வளைகள் திறந்தே கிடந்தன. எரிச்சலாக வந்தது; ஆனால் சொல்லக் கூச்சம். அவர்கள் போன பிறகு, முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் நானே பூசி முடித்துத் தண்ணீர் கட்டினேன்.

மறுநாள் காலையில் ஒரு மாணவி மட்டும் முன்னதாக வந்து, தன் பங்கு வரப்பைக் குனிந்து பார்த்தாள்.

“ஒழுகவே இல்லையே! இது நான் பூசுனது இல்லண்ணே.”

“நீங்க விட்டதை நான் அடைச்சுட்டேம்மா.”

அவள் முகம் சுருங்கியது. “எந்த இடத்துல தப்பு பண்ணேன்னு பார்க்கத்தாண்ணே முதல் பஸ்ஸ புடிச்சு வந்தேன். நேத்தே திட்டியிருக்கலாம்ல?”

எனக்குச் சுருக்கென்றது. மண்வெட்டியால் அவள் பங்கின் பூச்சைச் சுரண்டினேன். வளை வழியாகத் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

“இறங்குங்கம்மா. தப்பா அடைச்சா சத்தம் போடுவேன்.”

போன ஆண்டும் இப்படித்தான் நானே பூசி முடித்தேன். அந்தப் பிள்ளைகள் தாங்கள் அடைத்தால் ஒழுகாது என்று நம்பியே போயிருப்பார்கள். அதை நினைத்தால்தான் இன்னும் மனது ஆறவில்லை.